காது முந்தும், கை பிந்தும்

காரைக்குடி என்றதும் வெளியூரார் நெஞ்சில் எழுவன மாளிகைகளும் அறுசுவை உணவுமே. இசையறிந்த பெரியோர்க்கோ இவ்வூர்ப் பெயர் வேறொரு நினைவைத் தரும். இன்று சங்கீத நாடக அகாதெமி விருது என வழங்கும் பரிசு முதன்முதலாக அளிக்கப்பெற்ற 1952-ஆம் ஆண்டில் இசைக்காக அதனைப் பெற்றோர் நால்வர். வடநாட்டு இசையில் முஷ்டாக் உசேன் கானும் அலாவுதீன் கானும். தென்னாட்டு இசையில் அரியக்குடி இராமானுச ஐயங்காரும் காரைக்குடி சாம்பசிவ ஐயரும். நால்வருள் இருவர் நம் வட்டாரத்து ஊர்ப்பெயர்களைத் தம் பெயரோடு சுமந்தவர்கள். அரியக்குடி காரைக்குடிக்கு அண்டை ஊர். சாம்பசிவ ஐயரோ தம் தமையனார் சுப்பராம ஐயருடன் இணைந்து வாசித்துக் காரைக்குடிச் சகோதரர்கள் எனப் புகழ் பெற்றவர். தமையனார் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார். இளையவர் நம் வழக்கப்படி கிடத்தி வாசிப்பார். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கம் வாசிப்பார். அவ்வரங்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. இத்தகைய ஊரில் வாழ்ந்துகொண்டு, நாற்பத்தாறாம் அகவையில், வீணையை விட்டுக் கிதாரைக் கையிலெடுத்தவன் நான்.

துறையின் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பழைய மாணவனாகிய என்னை நண்பர்கள் கேட்டபோது, இலக்கியம் பற்றி எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். இருபதாண்டுகளுக்கு மேலாகப் பள்ளியில் தமிழ் கற்பிப்பவனுக்கு அதுவே எளிது. ஆயினும் கடந்த ஒன்றரை ஆண்டாக நான் கற்பிப்பவனாக மட்டுமன்றிக் கற்பவனாகவும் இருந்து வருகின்றேன். மெல்லக் கற்பவனுடைய மனநிலையை வகுப்பறையில் இத்தனை காலம் வெளியிலிருந்து பார்த்த நான் இப்போது உள்ளிருந்து பார்க்கின்றேன். பாடத்திலோ விளையாட்டிலோ ஆங்கிலத்திலோ "எவ்வளவு முயன்றும் நகரவில்லையே" என்று சோர்ந்திருக்கும் தம்பி தங்கையர்க்கு இவ்வனுபவம் பயன்படக்கூடும் என்றே இதனைத் தேர்ந்தேன்.

சிங்கப்பூரில் பணிபுரியும் தம்பியின் மகன் ஒரு விடுமுறையில் கொண்டுவந்து, திரும்பிச் செல்கையில் பெட்டியில் இடமில்லை என்று விட்டுச்சென்ற கிதார் அது. சில திங்கள் பரணில் கிடந்தது. ஒருநாள் தூசு தட்டி எடுத்தவன் கீழே வைக்கவில்லை. மேலைநாட்டுக் கருவியைத் தமிழாசிரியர் தொடலாமா என்று கேட்டோர் உண்டு. வயலின் நம்முடையதா? பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனைக் கைக்கொண்டிராவிடில் இன்றைய கச்சேரி மேடை வேறு வகையாக இருந்திருக்கும். மாண்டலின் என்னும் சிறு கருவியில் சீனிவாஸ் (1969–2014) நம் இராகங்களை நிறுத்திக் காட்டியதையும் நாம் கேட்டிருக்கின்றோம். கருவிக்குச் சாதியும் இல்லை, நாடும் இல்லை என்பதே என் விடை. உற்று நோக்கினால் வீணையும் கிதாரும் ஒன்றுவிட்ட உறவினரே. வீணையில் மெழுகிட்டுப் பதித்த இருபத்துநான்கு மெட்டுகள். கிதாரில் மரத்தில் அறைந்த உலோக மெட்டுகள். இரண்டிலும் பன்னிரண்டு மெட்டு கடந்தால் ஒரு தாயி நிறைவுறும். அவ்விடத்தில் தந்தியின் நீளம் சரிபாதியாகிவிடும். கணக்கு ஒன்றே, கைதான் வேறு.

அந்தக் கைதான் தொல்லை. எஃகுத் தந்தியை அழுத்தும் இடக்கை விரல்நுனிகள் முதல் வாரத்தில் சிவந்தன. இரண்டாம் வாரத்தில் எரிந்தன. ஒரு திங்கள் சென்றபின் காய்ப்பேறி நோவு அடங்கியது. அதன்பின் இரண்டு மூன்று திங்கள் இன்பமாகவே கழிந்தன. ஜி, சி, டி என்னும் சுரக்கூட்டுகள் கைவந்தன. நாள்தோறும் புதிதாக ஏதேனும் ஒன்று கூடியது. பின்னர் நான்காம் திங்களில் எஃப் என்னும் சுரக்கூட்டு வந்தது. சுட்டுவிரலை முதல் மெட்டில் குறுக்கே கிடத்தி ஆறு தந்திகளையும் ஒருசேர அழுத்த வேண்டும். எஞ்சிய மூன்று விரல்களும் அதே வேளையில் தத்தம் இடத்தில் அமர வேண்டும். உலகெங்கும் கிதார் கற்போரில் பலர் கருவியைச் சுவரில் மாட்டிவிட்டுச் செல்லும் இடம் இதுதான் என்பார்கள். எனக்கும் ஆறு தந்திகளில் இரண்டு ஒலிக்கும், மூன்று இரையும், ஒன்று ஊமையாகக் கிடக்கும். ஒரு வாரமன்று, ஏழு வாரம் இப்படியே சென்றது. நேற்றும் இன்றும் ஒன்றாகவே இருந்தன. கிதார் பயிற்சி தரும் ஓரிடத்தில் முப்பது நாளில் பாட்டு வாசிக்கலாம் என்று எழுதிவைத்த விளம்பரத்தைக் கடந்து செல்லும் போதெல்லாம் என்னை யாரோ கேலி செய்வது போலிருக்கும்.

அந்நாள்களில் ஊக்கத்தைத் தேடிப் படித்தவற்றுள் ஒன்று பத்தாயிரம் மணிநேரக் கணக்கு. எத்துறையிலும் வல்லுநராகப் பத்தாயிரம் மணி பயில வேண்டும் என்னும் கூற்று 2008-இல் வெளிவந்த ஒரு நூலால் பரவியது. நாளொன்றுக்கு அரைமணி பயில்பவன் நான். இருபதாயிரம் நாள், ஏறக்குறைய ஐம்பத்தைந்து ஆண்டு. நூற்றோராம் அகவையில் நான் கிதார் வல்லுநன்! சிரித்துவிட்டு மூலத்தைத் தேடினேன். எரிக்சன் என்னும் உளவியல் அறிஞரும் அவர்தம் துணைவர்களும் பெர்லின் இசைக்கல்லூரி வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரை அது. சிறந்த மாணவர்கள் இருபது அகவைக்குள் தனியே பயின்ற நேரத்தின் சராசரியே பத்தாயிரம். சராசரி என்றால் அதற்குக் குறைவாகப் பயின்று அந்நிலை எய்தியோரும் உண்டு என்பது வெளிப்படை. அது கடக்க வேண்டிய வாயிற்படியன்று. மேலும் அவர்கள் உலக மேடைக்கு அணியமாகியோர். நானோ என் வீட்டுத் திண்ணைக்கு. இவ்வெண் பிறரை எவ்வளவு ஊக்கியதோ அறியேன். நடுவயதில் கற்கத் தொடங்குவோரை வீட்டுக்கு அனுப்பிவைக்கவே அது பெரிதும் பயன்படும் என்பது என் கருத்து.

என்னை நிறுத்தி வைத்தது வேறோர் ஆய்வு. தந்தி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று யாழிலும் வீணையிலும் கட்டுவது. மற்றொன்று 2013 சூலைத் திங்களில் நம் நாட்டில் விடைபெற்றுக்கொண்ட அஞ்சலகத் தந்தி. முதல் தந்தியில் சிக்கிய எனக்கு இரண்டாம் தந்தி வழிகாட்டியது விந்தையே. அமெரிக்க நாட்டில் பிரையன், ஆர்ட்டர் என்னும் இருவர் தந்தித் தொழில் பழகுவோரை வாரந்தோறும் அளந்து 1897-இலும் 1899-இலும் கட்டுரைகள் வெளியிட்டனர். செய்தி அனுப்பும் திறன் சீராக வளர்ந்தது. கட்டைகளின் ஒலியைக் கேட்டுச் செய்தி வாங்கும் திறனோ சிறிது ஏறிப் பின் பல வாரம் அசையாது நின்றது. வரைபடத்தில் அது பீடபூமி போல் தோன்றியது. பின்னர் ஒருநாள் மளமளவென ஏறியது. காரணம் என்ன? தொடக்கத்தில் எழுத்தெழுத்தாகக் கேட்டவன், எழுத்துகள் மனத்தில் ஊறி இயல்பான பிறகே சொல்சொல்லாகக் கேட்கத் தொடங்குகின்றான். சொற்கள் ஊறிய பிறகே தொடர்தொடராக. ஊறும் காலத்தில் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை ஒருநாள் திடீரெனக் கடைப்பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டு வருவதை நாம் கண்டதில்லையா? இப்பீடபூமி எல்லார்க்கும் நேருவதன்று, முறையாகப் பயிற்றினால் இல்லாமலே போகும் என்று மறுத்தோரும் உண்டு. கெல்லர் என்பவர் 1958-இல் இதனை மாயப் பீடபூமி என்றே எழுதினார். அறிஞர்கள் வழக்காடட்டும். அதில் ஏழு வாரம் குடியிருந்தவன் என்ற முறையில், அதன் பரப்பு எனக்கு நன்கு தெரியும்.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை. தந்தி பயின்றோர்க்குக் கை முந்தியது, காது பிந்தியது. எனக்கு நேர்மாறாக நிகழ்ந்துகொண்டிருந்தது. அதனைக் கண்டறிந்தது தற்செயலே. என் ஆசிரியரின் சொற்படி ஒவ்வொரு திங்களின் முதல் நாளன்று இரண்டு மணித்துளி வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து வந்தேன். ஒருநாள் மனம் மிகச் சோர்ந்து, இரண்டாம் திங்கள் பதிவைக் கேட்டேன். அதை வாசித்த அன்று எனக்கு மிக்க நிறைவாக இருந்தது என்பதும், வீட்டார்க்குப் போட்டுக் காட்டி மகிழ்ந்தேன் என்பதும் நன்றாக நினைவிருக்கின்றன. இப்போது கேட்டாலோ தாளம் தள்ளாடுகின்றது, ஒவ்வொரு மாற்றத்திலும் ஓர் இடைவெளி, தந்திகள் இரைகின்றன. பதிவு மாறவில்லை, மாறியது என் காது. அன்று கேளாத இரைச்சல் இன்று கேட்கின்றது. முன்னேற்றமே இல்லை என்று நான் வருந்திய அத்தனை வாரங்களிலும் காது நாள்தோறும் வளர்ந்துகொண்டே இருந்திருக்கின்றது. வளர்ந்த காது, வளராத கையைப் பார்த்துக் குறை சொல்லியது. அக்குறை சொல்லும் குரலைத்தான் நான் தோல்வி என்று பெயரிட்டு அழைத்திருந்தேன்.

சொற்பிழை தெரியாதவன் தன் கட்டுரையைக் கண்டு மகிழ்வான். இலக்கணம் கற்கக் கற்க எழுதவே அஞ்சுவான். வகுப்பில் பன்முறை இதனைக் கண்டிருக்கின்றேன். நன்றாக எழுதி வந்த மாணவன் இரண்டாம் பருவத்தில் தாளைக் கசக்கி எறிவான். அவன் பின்னடைந்தான் என்று பெற்றோர் கவலையுறுவர். அவன் எழுத்து அப்படியேதான் இருக்கும். அதனை மதிப்பிடும் கண் கூர்மையடைந்திருக்கும். இந்த இடைவெளியில் கைவிட்டவன் கூரிய கண்ணோடும் பழைய கையோடும் வாழ்நாள் முழுதும் பிறர் எழுத்தைக் குறை கூறிக்கொண்டிருப்பான். அத்தகையோர் நம்மிடையே பலர் உளர்.

என் ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செக்காலைச் சாலையை ஒட்டிய தெருவொன்றில் மாடியறையில் கற்பிக்கும் இளைஞர். பத்தாண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் படித்தவர். வெண்பா எழுதத் தெரியாமல் என்னிடம் அவர் பட்ட பாட்டிற்கு இப்போது ஈடு செய்கின்றார் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். எஃப் வரவில்லை என்று நான் புலம்பியபோது அவர் கூறியது இது: "ஐயா, நீங்க பாட்டு வேகத்துல மாத்தப் பார்க்கிறீங்க. நிமிஷத்துக்கு நாற்பது தட்டு வச்சுக்கோங்க. ஒரு சுரக்கூட்டுக்கு எட்டுத் தட்டு. தப்பு வந்தா இன்னும் குறைங்க. கூட்டவே கூட்டாதீங்க." கேட்டதும் எனக்கு வெட்கமாக இருந்தது. இதுதானே நம் முன்னோர் வகுத்த முதற்காலம்! சரளி வரிசையை முதற்காலத்தில் நிறுத்தி, அதன் இருமடங்கில் இரண்டாங்காலமும் நான்மடங்கில் மூன்றாங்காலமும் பயிற்றுவது நம் இசை மரபு. வேகம் தேடிப் பெறும் பொருளன்று, தெளிவுக்குப் பின்னே தானாக வருவது என்னும் அறிவு அம்முறைக்குள் பொதிந்திருக்கின்றது. கிதார் கற்கும் நம் பிள்ளைகளோ முதல் நாளே திரைப்பாட்டு கேட்கின்றனர், கற்பிப்போரும் கொடுத்துவிடுகின்றனர். அதில் குற்றமில்லை, பாட்டின் இன்பம் வேண்டியதே. முதற்காலம் இல்லாமல் மூன்றாங்காலத்தில் குடியேறுவதுதான் பின்னர் நான்காம் திங்களில் கடன்காரனைப் போல் வந்து கதவைத் தட்டுகின்றது.

காரைக்குடி வீணை மரபு இம்முதற்காலத்தில் வேரூன்றியது. வரிசைகளையும் அலங்காரங்களையும் பல காலங்களில் ஓயாது வாசித்து விரலைப் பண்படுத்திய பின்னரே கீர்த்தனைக்குச் செல்வது அவர்கள் வழக்கம். சாம்பசிவ ஐயரிடம் சிறுமியாகவே குருகுலத்தில் சேர்ந்து வளர்ந்த இரங்கநாயகி இராசகோபாலன் (1932–2018), நாளும் பல மணிநேரம் ஆசிரியரின் கண்டிப்பான பார்வையில் பயின்று அம்மரபின் குரலாக விளங்கினார். அவ்வளவு கண்டிப்பு இக்காலப் பிள்ளைகளுக்குத் தகும் என்று நான் சொல்லமாட்டேன். அச்சத்தால் வளர்ந்த விரல்களைவிட அச்சத்தால் மடங்கிய விரல்களே மிகுதியாக இருக்கும். அவற்றின் வரலாற்றை எவரும் எழுதுவதில்லை. ஆனால் அடிப்படையில் நெடுங்காலம் தங்குவதை இழிவாகக் கருதாத மனப்பான்மை அங்கிருந்து நாம் பெறத்தக்கது. அவரோடு ஒரே ஆண்டில் விருது பெற்ற அலாவுதீன் கானின் வரலாறும் இதையே கூறும். இளமையில் வீட்டை விட்டு வெளியேறிக் கல்கத்தா வந்தவரிடம் கோபாலகிருட்டிண பட்டாச்சாரியர் என்னும் ஆசிரியர், பன்னிரண்டு ஆண்டுகள் சுரப்பயிற்சியே செய்ய வேண்டும் என்று உறுதி கேட்டாராம். ஏழாண்டு சென்றதும் ஆசிரியர் கொள்ளைநோயில் மறைந்தார். பன்னிரண்டு நிறையவில்லை; ஏழும் வீண் போகவில்லை. பல கருவிகளில் வல்லவராகிய அவரிடமிருந்தே இரவிசங்கரும் அலி அக்பர் கானும் அன்னபூர்ணா தேவியும் தோன்றினர்.

இளமையிலேயே தொடங்கியோர்க்கு இது பொருந்தும், எமக்கென்ன என்று நடுவயதினர் கேட்கலாம். அவர்கட்கு நான் சொல்ல விரும்புவது சேக் சின்ன மௌலானா அவர்களைப் பற்றி. ஆந்திர நாட்டுக் கரவதி என்னும் ஊரில் 1924-இல் நாகசுரக் குடும்பத்தில் பிறந்தவர். தம் பகுதியில் நல்ல வித்துவானாக வாசித்துக்கொண்டிருந்தவர், தஞ்சைப் பாணியில் உளம் தோய்ந்து, நாச்சியார்கோயில் இராசம்–துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். ஒன்றும் தெரியாதவன் கற்பதைவிட, ஒன்று தெரிந்தவன் அதனை ஒதுக்கி வைத்துவிட்டு மீண்டும் தொடக்கத்தில் நிற்பது கடினம். காது ஒரு பாணியில் பழகியிருக்கும். மூச்சும் விரலும் மற்றொன்றில் பழகியிருக்கும். அந்த இடைவெளியை அவர் எத்தனை நாள் பொறுத்திருப்பார் என்று நான் எண்ணுவதுண்டு. பின்னர்த் திருவரங்கத்தில் குடியேறித் தஞ்சைப் பாணியின் தலைசிறந்த கலைஞர்களுள் ஒருவராக மதிக்கப்பெற்றார். 1998-இல் சங்கீத கலாநிதி என்னும் சிறப்பு அவரை அடைந்தது. மறு ஆண்டு மறைந்தார்.

நம் மண்ணிலேயே உள்ள மற்றொரு காட்சியும் எனக்குத் துணை செய்தது. மாணவர்களை ஆத்தங்குடிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். தரைக்கல் செய்யும் முறையைப் பலரும் அறிவர். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம். அதனுள் பூவேலை அச்சு. அச்சின் அறைகளில் வண்ணச் சிமிட்டிக் குழம்பு. அச்சை மெல்லத் தூக்கியதும் அதன்மேல் மணலும் சிமிட்டியும் கலந்து நிரப்பி மூடிவிடுகின்றனர். பிறகு உலர்த்தல், தொட்டி நீரில் நாள்கணக்கில் ஊற வைத்தல், மீண்டும் உலர்த்தல். வேலை நடக்கும் நேரத்தில் தொழிலாளி காண்பது கல்லின் முதுகை மட்டுமே. சாம்பல் நிறத்துச் சொரசொரப்பு. பூ இருப்பது அடியில், கண்ணாடியை ஒட்டி. ஒரு மாணவன் ஆவல் தாங்காமல், "இப்பவே ஒன்னைத் திருப்பிக் காட்டுங்க அண்ணே" என்றான். "திருப்பினா கல்லும் இல்ல, பூவும் இல்ல தம்பி" என்றார் அவர், கரண்டியை நிறுத்தாமலே. நாள்தோறும் எஃபைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவ்விடை என்னை நோக்கிச் சொன்னதாகவே பட்டது. திங்களுக்கு ஒருமுறை மட்டும் பதிவைக் கேட்பது, இடையில் அளப்பதில்லை என்று அன்று முடிவு செய்துகொண்டேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு இதனை எழுதாமல் விட்டால் கட்டுரை உண்மையாகாது. எஃபில் நான் நின்ற அதே வாரங்களில் என் அம்மாவுக்குப் பக்கவாதம் கண்டது. பேச்சு விரைவில் திரும்பிற்று, வலக்கை திரும்பவில்லை. ஓலைக்கொட்டான் முடைவதில் ஊரறிந்த கை அது. பனங்குருத்தைக் கிழித்துச் சாயமேற்றி, பேசிக்கொண்டே பின்னுவார். கையைப் பார்க்கவே மாட்டார். இப்போது கரண்டி நில்லாது விழுந்தது. இயன்முறை மருத்துவர் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டைகளைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து மறு கிண்ணத்தில் இட வேண்டும், காலையும் மாலையும் ஐந்து மணித்துளி என்றார். முதல் நாள் நான்கு கொட்டை. பத்தாம் நாள் பதினொன்று. அதன்பின் மூன்று வாரம் பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று. அவர் கூடத்தில் கொட்டை எடுப்பார். நான் திண்ணையில் நாற்பது தட்டில் எஃப் வாசிப்பேன். என் பயிற்சிக் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் தட்டுகளின் எண்ணிக்கை, வலப்பக்கத்தில் கொட்டைகளின் எண்ணிக்கை. இரு பக்கமும் ஒன்றாகவே உறங்கின.

கிதாரை விட்டுவிடலாம் என்று எண்ணியது அப்போதுதான். வீட்டில் இத்தனை கவலை இருக்கையில் இது எதற்கு என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். மூன்று நாள் திண்ணையில் ஓசையில்லை. நான்காம் நாள் மாலை அம்மா கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "நீ நிறுத்திட்டியே, அதான் நானும் நிறுத்திட்டேன்" என்றார். "அது எரிச்சலாத்தான் இருக்கும்ப்பா கேட்க. ஆனா நீ அங்க தட்டுக்கெட்டுக் கிடக்கிறது தெரிஞ்சா எனக்கு இங்க கொஞ்சம் நல்லாருக்கும்." என் வாசிப்பைப் பற்றி இதனினும் நேர்மையான திறனாய்வை நான் பெற்றதில்லை. அன்று மாலையே தொடங்கினேன். அவரும் கிண்ணத்தை இழுத்துக்கொண்டார். ஐந்தாம் வாரத்தில் ஒருநாள் பதினான்கு. அடுத்த நாள் பதினேழு. அவ்வார இறுதியில் இருபத்திரண்டு. இடையில் நின்ற மூன்று வாரத்தில் அந்தக் கைக்குள் எது நடந்தது என்று நான் மருத்துவரைக் கேட்டேன். நரம்பு வேறு வழி போட்டுக்கொண்டிருக்கும், போட்டு முடிக்கும்வரை தெரியாது என்று எளிதாகச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கச் சென்றார்.

இப்போது என் குறிப்பேட்டில் எஃப் நிமிடத்திற்கு எழுபத்திரண்டு தட்டில் பத்துக்கு ஆறு முறை தெளிவாகப் பேசுகின்றது. எஞ்சிய நான்கில் பெரும்பாலும் இரண்டாம் தந்திதான் ஊமை. ஆசிரியர் அடுத்ததாக பி மைனர் என்று ஒன்றைக் காட்டியிருக்கின்றார்; அதுவும் விரலைக் குறுக்கே கிடத்துவதுதானாம். அம்மா சென்ற திங்கள் ஒரு சிறு கொட்டானைத் தொடங்கி, பத்தொன்பது நாளில் முடித்தார். முன்பு இரண்டு மணிநேர வேலை. ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கின்றது. அதனை அவரே முதலில் கண்டு, பிரித்துவிடப் பார்த்தார். நான் விடவில்லை. என் கிதார்ப் பிக்குகள் அதில்தான் கிடக்கின்றன. மூடிக்கான ஓலையை நேற்று நனைத்து வைத்திருக்கின்றார்.